காய்ந்த ஆறும் ஆறுதான்



சர்வே கேம்ப் போனால் மலையிடுக்கை 'கேன்யன்' என்கிறோம், மழைநீர் அரித்த வாய்க்காலை 'கல்லி' என்கிறோம். தமிழில் கேட்டால், "எல்லாம் பள்ளம்தாம்பா" என்று முடித்துவிடுகிறோம். இதனால் என்ன குறைஞ்சு போச்சு என்பீர்கள். உயிரே போகலாம் என்பது என் கருத்து.

அமெரிக்கப் பாலை நிலத்தில் நடைப்பயணம் போகிறவர்கள் சொல்லும் கேன்யன், மெசா, அரோயோ எல்லாம் ஸ்பானியச் சொற்கள். மெசா என்றால் மேசை, அதாவது தலை தட்டையான குன்று. அரோயோ என்றால் ஓடை. அந்த மண்ணில் ஏற்கெனவே வழங்கிய சொற்களை அவர்கள் வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டார்கள். நாமோ வீட்டுச் சொல்லையே தொலைக்கிறோம்!

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில், குறுகிய பாறை இடுக்குக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மழை பெய்ததோ பல மைல் தள்ளி. இந்த ஆபத்தை நம் பெரியவர்கள் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள்: காட்டாறு. மேலே மலையில் பெய்தால் கீழே திடீரென்று வரும், வந்த வேகத்தில் வடியும்.

இன்னும் பாருங்கள். பாறையில் தேங்கி ஊறும் நீர் 'சுனை'. ஆற்றுக்குள் இருக்கும் ஆழம் 'மடு', அங்கே இறங்கக் கூடாது. மணலைத் தோண்டினால் கிடைப்பது 'ஊற்று'. பாறைப் பிளவுக்கு 'விடர்', வறண்ட வழிக்குச் 'சுரம்', கானலுக்குப் 'பேய்த்தேர்' என்று பழைய இலக்கியத்திலேயே பெயர் உண்டு.

நம்ம பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பல மாதம் வெறும் மணல்தான். "இது ஆறா, கிரவுண்டா?" என்று கிண்டல் செய்கிறோம். ஆனால் அது பிறப்பது கர்நாடகத்து நந்தி மலையில். சித்தூர்ப் பக்கமிருந்து பொன்னையாறும் வந்து சேருகிறது. இங்கே வெயில் அடித்தாலும் அங்கே பெய்த மழை வந்தே தீரும். 1903 நவம்பரில் வாணியம்பாடி பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2021 நவம்பரில் கரை புரண்டதை நாமே பார்த்தோம்.

வெறும் 'பள்ளம்' என்று நினைத்தால் குப்பை கொட்டத் தோன்றும், தோல் கழிவை விடத் தோன்றும். அடியில் 'ஊற்று' இருக்கிறது என்று தெரிந்தவனுக்குக் கை கூசும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கேம்ப்பில் லெவல் எடுப்பதோடு நிற்காமல், அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "ஐயா, இந்த இடத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டு, ஃபீல்டு புக்கில் எழுதி வையுங்கள். நாளை பாலம் கட்டப்போவதும் வீட்டுமனை பிரிக்கப்போவதும் நாம்தானே?