வலை யாவர்க்கும் பொது

உலகளாவிய வலை விஞ்ஞானிகளின் தேவையிலிருந்து பிறந்தது. ஜினீவாவை அடுத்த ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் அதன் திட்டத்தை வகுத்தார். அதற்குரிய மென்பொருளை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்நிலையம் அறிவித்தது. அவ்வறிவிப்பு இன்றேல், வலை இத்துணை விரைவில் உலகெங்கும் பரவியிருத்தல் அரிது.

ஆயினும், ஒருமுறை பொதுவாக்கப்பட்டது என்றென்றும் பொதுவாகவே இருக்கும் என்று கருதலாகாது. சாலை பொதுவாயினும் அதன் குறுக்கே சுங்கச் சாவடி எழக்கூடும். 2015-ஆம் ஆண்டில் நம் நாடு இத்தகைய நிலையை எதிர்நோக்கிற்று. தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடொன்றைப் பேஸ்புக் நிறுவனம் இங்கு தொடங்கிற்று. பின்னர் அது 'ஃப்ரீ பேசிக்ஸ்' எனப் பெயர் பெற்றது. ஏழைக்கு ஒன்றும் இல்லாதிருப்பதைவிடச் சிறிதேனும் கிடைப்பது நன்று என்பது அதன் ஆதரவாளர் வாதம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம், 1986-இல் தொடங்கப்பெற்ற எர்னெட் வலையமைப்பின் முதல் உறுப்பு நிலையங்களுள் ஒன்றாகும். அக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் சிலரும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களைச் சேர்ந்த ஆசிரியர்களும் இவ்வேற்பாட்டை எதிர்த்துக் கூட்டறிக்கை வெளியிட்டனர். மக்களுக்கு அடிப்படைத் தேவை எது என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஒரு கம்பெனியைச் சேரும். பயன்படுத்துவோரின் செய்திகள் அதன் கருவிகள் வழியே செல்வதால் அவற்றை அது காண இயலும். 'இலவசம்' என்னும் சொல்லே மயக்கம் தருவது என்பன அவர்கள் எடுத்துக்காட்டிய குறைகள்.

இதன் பொருளைக் கிராமத்தில் பணிபுரிவோர் நன்கு உணர்வர். விவசாய அலுவலர் ஒருவர் தம் வட்டாரத்துப் பயிர் நோய்களைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி வலையில் இடுகிறார் என்று கொள்வோம். திறந்த வலையில் அப்பக்கத்திற்கும் பெரிய கம்பெனியின் பக்கத்திற்கும் வழி ஒன்றே, கட்டணமும் ஒன்றே. பட்டியலிட்ட வலையிலோ, கம்பெனியின் விதிகளுக்கு உட்பட்டாலன்றி அது வாயிலுக்கு வெளியே நிற்கும். அத்தகைய பக்கம் ஒன்று உண்டு என்பதையே குடியானவர் அறியமாட்டார்.

2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் வேற்றுமை காட்டுவதை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. மீறுவோருக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வகை செய்தது. அம்முடிவு சரியானதே.

எனினும், தடை ஒன்றினால் மட்டும் ஏழையின் வீட்டை வலை எட்டிவிடாது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கம்பெனிகளிடையே எழுந்த போட்டியால் கட்டணங்கள் பெரிதும் குறைந்தன. ஏழைக்கு வேண்டுவது குறுகிய வலையன்று, மலிவான முழு வலையே என்பதை அது மெய்ப்பித்தது. வாயில் திறந்திருப்பினும், உள்ளே தாய்மொழியில் பயனுள்ளவை இல்லையேல் நுழைந்தவர் வெறுங்கையுடன் திரும்புவர். தாம் அறிந்தவற்றை எளிய தமிழில் எழுதி, தடையின்றிப் பிறர் படிக்கும்படி வலையில் வைப்பது ஆசிரியர்களும் கிராமப் பணியாளர்களும் ஆற்றத்தக்க தொண்டாகும். சட்டம் காத்த வழி பயன்பெறுவது அவர்கள் கையில் உள்ளது.