மூன்றாவது திரைக்கு ஒரு கார்டு

தில்லி முனிர்க்காவிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். கைக்குழந்தையை விட்டு அலுவலகம் சென்றுவர இயலாமையால், சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்கு வேலையை வீட்டிலிருந்தபடியே பார்த்து வருகிறார். கணினிக்கு இரண்டு மானிட்டர்கள் உள்ளன. ஒன்றில் பேரேடு, மற்றொன்றில் ஜி.எஸ்.டி. பக்கம். அலுவலகத்தாருடன் வீடியோவில் கூட்டம் தொடங்கிவிட்டாலோ, இவ்விரண்டில் ஒன்று மறைந்துபோகிறது. இதனால் மாத முடிவில் இருமுறை தொகை தவறாகப் பதிவாகி, மேலாளரின் கடுஞ்சொல்லைக் கேட்க நேர்ந்ததாம். இன்னொரு முறை நேர்ந்தால் வேலைக்கே ஊறு வருமோ என்று அஞ்சுகிறார். மைத்துனர் தம் பழைய மானிட்டரைக் கொடுத்துவிட்டார். சீட்டு எடுத்த பணத்தில் சிறிது மிச்சம் உண்டு. "நேரு பிளேஸ் சென்று இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட எண்ணுகிறேன். எதை வாங்குவது?" என்பது அவர் வினா.

வினா ஒருவருடையதாயினும், வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டுள்ள நம்மவர் பலருக்கும் இது பொருந்தும். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கணினியின் முதுகுப்புறத்தைப் படம் எடுத்து அனுப்புமாறு முதலில் சகோதரியைக் கேட்டுக்கொண்டோம். படம் வந்தது. அதில் இருப்பது என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு. இரண்டு துளைகளில் கேபிள்கள் செருகப்பட்டுள்ளன. அவற்றை அடுத்து, ஒரு மூலை மட்டும் வெட்டுண்ட நீள்சதுரத் துளை ஒன்று தூசு படிந்து காலியாக நிற்கிறது. அதுதான் டிஸ்ப்ளேபோர்ட். அந்தக் கார்டு ஒரே நேரத்தில் நான்கு திரைகள் வரை தாங்கவல்லது. ஆகவே சகோதரிக்கு வேண்டியது இரண்டாவது கார்டன்று; ஒரு கேபிள்தான்!

கேபிளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மைத்துனர் தந்த மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதாக எழுதியிருக்கிறார். கணினிப்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் திரைப்பக்கம் எச்.டி.எம்.ஐ.யுமாக உள்ள எளிய கேபிளே இதற்குப் போதும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அதே கேபிளைத் தலைகீழாக, கணினியின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உள்ள திரைக்குக் கொண்டுசென்றால் படம் வாராது. கடைக்காரர் "இரண்டு பக்கமும் வேலை செய்யும்" என்று சொன்னாலும் நம்பவேண்டாம். நீல நிற வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள மிகப் பழைய மானிட்டராயின், சமிக்ஞையை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒன்று தனியே வேண்டும்.

நிற்க. கார்டில் காலித்துளை இல்லாதவர்கள் என் செய்வது? மதர்போர்டிலேயே திரைக்கான துளைகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் அமைந்திருந்தால் அத்துளைகள் பயன்படும். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அவ்வசதி இல்லை என்று பொருள். ஏ.எம்.டி. ரைசனில், 2022-இல் வந்த 7000 வரிசையிலிருந்து பெரும்பாலானவற்றில் உண்டு. தனிக்கார்டு செருகியவுடன் உட்கிராபிக்ஸ் தானே அணைந்துவிடுவது பல கணினிகளில் வழக்கம். பயாஸ் அமைப்பில் சென்று அதனை மீண்டும் இயக்கிவிட்டால், காசு செலவின்றி மேலும் ஒரு திரை கிட்டும். யு.எஸ்.பி. வழியாகத் திரை தரும் சிறு கருவிகளும் உள்ளன. கணக்குக்கும் கடிதத்துக்கும் அவை போதும், விளையாட்டுக்கு ஆகா.

இவை எவையும் கைகூடாதபோதே இரண்டாவது கார்டைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். கேபினெட்டைத் திறந்து, இரண்டாவது நீள ஸ்லாட் இருக்கிறதா, முதற்கார்டின் பருத்த உடல் அதனை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிறு கேபினெட்டாயின் உயரம் குறைந்த கார்டே நுழையும். மின்சாரத்தைப் பற்றிப் பெரிதும் அஞ்சவேண்டியதில்லை. 30 வாட் அளவில் உண்ணும் சிறிய கார்டுகளுக்கு ஸ்லாட் தரும் மின்சாரமே போதும், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி தேவைப்படாது.

பலரும் சறுக்குமிடம் வேறு: டிரைவர். கார்டை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள் அது. சில ஆண்டுகளுக்கு முன் நாமே பட்ட பாட்டைச் சொல்லலாம். மலிவாகக் கிடைத்ததென்று பழைய கார்டு ஒன்றை வாங்கிப் புதிய கார்டுக்கு அருகில் செருகினோம். பழையதற்குரிய டிரைவரை ஏற்றினால் புதியது தெரியவில்லை. புதியதற்குரியதை ஏற்றினால் பழையதன் திரை கறுத்தது. இரவு இரண்டு மணி வரை இரண்டையும் சமாதானம் செய்துபார்த்துத் தோற்றோம். பிழை கடைக்காரருடையதன்று, விசாரியாமல் வாங்கிய நம்முடையதே.

வரலாற்றைப் பார்த்தால் இது புதிய சங்கடமும் அன்று. பல திரைகளை ஏற்கும் வசதி விண்டோஸ் 98-இலேயே வந்துவிட்டது. 2007-இல் வெளியான விஸ்டாவோ, எல்லாக் கார்டுகளும் ஒரே டிரைவருக்கு அடங்கவேண்டும் என்று கட்டுப்படுத்தியது. 2009-இல் விண்டோஸ் 7 அக்கட்டைத் தளர்த்தியது. இன்று என்விடியாவும் ஏ.எம்.டி.யும் ஒரே கணினியில் இருக்கலாம். இரண்டு டிரைவர்களைப் பேணும் தொல்லைதான் மிஞ்சும். ஒரே நிறுவனத்துக் கார்டுகளாயினும், வயது மிக வேறுபட்டால் நமக்கு நேர்ந்த கதியே நேரும். கடைகளில் அடிக்கடி நீட்டப்படும் ஜிடி 710 கெப்ளர் என்னும் தலைமுறையைச் சேர்ந்தது. அத்தலைமுறைக்கான வழக்கமான டிரைவர்கள் 2021-இல் நின்றன. அதன்பின் 2022-இல் வரத்தொடங்கிய 40 வரிசைக் கார்டுகளுடன் அதற்குப் பொதுவான டிரைவர் இல்லை. ஆகவே இரண்டாவது கார்டுக்கு வலிமை வேண்டா. முதற்கார்டின் நிறுவனமும் அதன் வயதுக்கு நெருங்கிய வயதும் வேண்டும்.

முதற்கார்டு என்விடியாவாயின், 2021-இல் வந்த டி400 நம் கண்ணுக்கு நல்லதாகப் படுகிறது. 30 வாட், உயரம் குறைவு, மூன்று துளைகள். அவை மினி டிஸ்ப்ளேபோர்ட் என்பதால், உரிய கேபிளும் உடன் வாங்கவேண்டும். 2017-இல் வந்த ஜிடி 1030 மலிவுதான். ஆனால் அதன் வழக்கமான டிரைவர் புதுப்பிப்பு 2025 அக்டோபரோடு முடிந்தது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று நிறுவனம் அறிவித்துள்ளது. மூன்று ஆண்டு போதும் என்பவர்கள் வாங்கலாம். எதை வாங்கினாலும், இரண்டாவது கார்டின் திரையில் பேரேடு போன்ற அசையாப் பொருள்களை வையுங்கள். ஓடும் படத்தை ஒரு கார்டின் திரையிலிருந்து மற்றதன் திரைக்கு இழுத்தால் தடுமாறக்கூடும்.

சகோதரி சனிக்கிழமையே சென்றுவருவது நலம். ஞாயிறன்று நேரு பிளேஸில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். நமக்கு அனுப்பிய அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் காட்டிக் கேபிளை மட்டும் கேட்கட்டும்.