சட்டையில் குத்திய சூரியன்



உங்க வீட்ல பழைய கழக பேட்ஜ் ஏதாவது இருக்கா? பீரோ டிராயர்ல, அப்பாவோட ஷேவிங் டப்பாவுல, தாத்தா டிரங்குப் பெட்டியோட அடியில? இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஏன்னு சொல்றேன்.

போன மாசம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க மேற்கு தாம்பரத்தில் வீடு வீடா போயிட்டிருந்தோம். அப்போ ஒரு மூத்த தொண்டர் வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வைச்சார். எழுபத்தஞ்சு வயசு. சண்முகம் சாலைக்குப் பக்கத்துல நாற்பது வருசம் தையல் கடை வைச்சிருந்தவர். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால போடல. "ஐடி விங் பசங்களா? இதைப் போட்டோ எடுத்துக்கோங்க தம்பி"ன்னு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து பாயில கொட்டினார்.

இருபதுக்கு மேல பேட்ஜ். ஓரமெல்லாம் துரு. மேல இருக்கிற பிளாஸ்டிக் தாள் டீத்தண்ணி நிறத்துக்கு மாறிப்போச்சு. கறுப்பு சிவப்பு வட்டத்துக்குள்ள அண்ணா. ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன். கலைஞர் கறுப்புக் கண்ணாடியோட. சிலதுல பின் உடைஞ்சிருந்தது, அதுல அவரே தையல் கடை சேஃப்டி பின்னை வைச்சு ஒட்டியிருந்தார். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அந்த ரிப்பேர் வேலைதான் முதல்ல கண்ணுல பட்டது, உண்மையைச் சொல்லணும்னா.

அன்னைக்கு ராத்திரி இந்தச் சின்னப் பொருளுக்கு ஒரு வரலாறு இருக்குமேன்னு தேட ஆரம்பிச்சேன். இருந்தது. நல்லாவே இருந்தது.

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க அதிபரா பதவியேற்றப்ப, ஆதரவாளர்கள் பித்தளைப் பொத்தான்களைக் கோட்டுல தைச்சுக்கிட்டாங்க. குத்துறது இல்ல, தைக்கிறது. 1860-ல் லிங்கன் நின்னப்ப தகடுல எடுத்த அவரோட போட்டோவையே சின்ன வட்டமா வெட்டி மாட்டினாங்க. ஒரு தலைவரோட நிஜமான முகம் தொண்டன் நெஞ்சுக்கு வந்தது அப்போதான். ஆனா இதெல்லாம் விலை அதிகம், செய்ய நேரமும் அதிகம்.

இன்னைக்கு நாம குத்துற பேட்ஜ் பிறந்தது 1896-ல். நியூஜெர்சி மாநிலம் நியூவார்க் நகரத்துல வொயிட்ஹெட் அண்ட் ஹோக்னு ஒரு கம்பெனி. அச்சடிச்ச காகிதம், அதுக்கு மேல செல்லுலாய்டு, அடியில தகடு. இந்த மூணையும் சேர்த்து ஓரத்தை மடிச்சு, பின்பக்கம் ஒரு வளையத்தை வைச்சு அழுத்தி, அந்த வளையத்துக்குள்ளேயே கம்பி பின்னைச் சுருட்டி வைச்சாங்க. 1896 ஜூலை 21 தேதியிட்ட காப்புரிமை. பசை கிடையாது, ஆணி கிடையாது, தையல் கிடையாது. எல்லாத்தையும் ஒண்ணா பிடிச்சு வைக்கிறது அழுத்தம் மட்டும்தான். நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அடிப்படை மாறவே இல்ல. இன்னைக்கு கைப்பிடி மெஷின்ல 58 மில்லிமீட்டர் பேட்ஜ் அடிக்கிறோமே, அதுவும் இதே வேலைதான். செல்லுலாய்டு இருந்த இடத்துல பாலியஸ்டர் தாள் வந்திருக்கு, அவ்வளவுதான்.

அந்த வருசமே அமெரிக்காவுல அதிபர் தேர்தல். மெக்கின்லி ஒரு பக்கம், பிரையன் ஒரு பக்கம். நாணயத்துக்குத் தங்கம் மட்டும் அடிப்படையா, வெள்ளியும் சேரணுமாங்கிறதுதான் சண்டையே. சாதாரண மனுசனுக்குப் புரியாத பொருளாதாரம். அதைத் தங்க நிற வண்டு, வெள்ளி நிற வண்டுன்னு சட்டையில குத்திக்கிற மாதிரி ஆக்கிட்டாங்க. கட்டுரை எழுதிப் புரிய வைக்க முடியாததை ஒரு சின்ன பேட்ஜ் புரிய வைச்சது.

இங்கதான் நம்ம கதை சேருது.

1951 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம். அந்த நாட்டுல எல்லாருக்கும் ஓட்டுரிமை. அதுக்காகத்தான் தேர்தல் ஆணையம் சின்னத்தைக் கொண்டு வந்தது. முதல் ரெண்டு பொதுத்தேர்தல்லயும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம். பேரைப் படிக்கத் தேவையில்ல, சின்னத்தைப் பார்த்துப் போட்டா போதும். அதனால இங்க கட்சிக்காரன் நெஞ்சுல இருக்கிற சின்னம் வெறும் அலங்காரம் இல்ல. அதுவே பாடம். "இந்தப் படம் ஒட்டியிருக்கிற பெட்டியில போடுங்கம்மா"ன்னு காட்டுறதுக்கு.

கழகம் 1949 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, ராபின்சன் பூங்கா மழைக் கூட்டத்துல. 1952-ல் போட்டியிடல. 1957-ல் முதல் தடவையா களத்துல இறங்கினப்ப கழகத்துக்கு அங்கீகாரம் இல்ல, நம்ம வேட்பாளர்கள் கணக்குல சுயேச்சைகள். 15 இடம் ஜெயிச்சோம். காஞ்சிபுரத்துல அண்ணா, குளித்தலையில கலைஞர். 1958-ல் அங்கீகாரம் வந்த பிறகுதான் உதயசூரியன் கழகத்துக்கு உரிய சின்னமா நிலைச்சது. 1962-ல் 50 இடம், ஆனா அண்ணாவே காஞ்சிபுரத்துல தோத்தார். 1967-ல் ஆட்சி. இந்தப் பத்து வருசத்துல சூரியன் சுவத்துல சுண்ணாம்பா இருந்தது, கொட்டகையில தட்டியா இருந்தது, சட்டையில தகடா இருந்தது. நம்மகிட்ட காசு இருந்த கட்சி கிடையாது அப்போ.

சரி, டின்னுக்குத் திரும்பி வர்றேன்.

"இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது ஐயா?"ன்னு கேட்டேன். அறுபத்தேழு பேட்ஜை எடுப்பார்னு நினைச்சேன். அவர் எடுத்தது ஒரு சாதாரண சூரியன் பேட்ஜ். அச்சு கூட சரியா இல்ல, மஞ்சள் ஓரத்துல வழிஞ்சிருந்தது.

"தொண்ணூத்தியொண்ணு."

வயசுல சின்னவங்களுக்குச் சொல்றேன். 1991 ஜனவரியில கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொலை. நம்ம தாம்பரத்துக்கு எவ்வளவு பக்கம்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் கொடுமைக்கும் நம்ம தொண்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. ஆனா அடி விழுந்தது நம்ம ஆளுங்களுக்கு. கொடிக்கம்பம் சாஞ்சது, படிப்பகம் எரிஞ்சது, கழகக்காரன் வீடுன்னு தெரிஞ்சா கல் விழுந்தது. ஜூன் மாசம் வாக்குப்பதிவு. 234-ல் கழகத்துக்கு ரெண்டே இடம். துறைமுகத்துல கலைஞர், எழும்பூர்ல பரிதி இளம்வழுதி.

"அந்த ஒரு மாசம் என் வீட்டம்மா தினமும் அழுதா. பேட்ஜைக் கழட்டிட்டுக் கடைக்குப் போன்னு. கழட்ட மனசு வரல. அப்புறம் ஒரு வேலை பண்ணேன் தம்பி. சட்டைப் பாக்கெட்டுக்கு உள்பக்கம் ஒரு துணி வைச்சுத் தைச்சு, அதுல குத்திக்கிட்டேன். வெளிய தெரியாது. எனக்குத் தெரியும்."

சொல்லிட்டு அந்த பேட்ஜைத் திருப்பிக் காட்டினார். பின் ஓரத்துல ஒரு வெள்ளை நூல் இன்னும் சிக்கிக்கிட்டு இருந்தது. நான் ஃபோட்டோ எடுக்கவே மறந்துட்டேன்.

அஞ்சு வருசம் கழிச்சு 1996-ல் கழகத்துக்கு 173 இடம். அந்த பேட்ஜ் அன்னைக்கு வெளிப்பக்கம் வந்ததாம்.

அமெரிக்காவுல பழைய தேர்தல் பேட்ஜ் சேகரிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவங்க கொண்டாடுறதுல உச்சம் எது தெரியுமா? 1920 தேர்தல்ல ஜேம்ஸ் காக்ஸ், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ரெண்டு பேர் முகமும் சேர்ந்து வந்த பேட்ஜ். அந்த ஜோடி படுதோல்வி. கட்சிகிட்ட காசு இல்லாததால கொஞ்சம்தான் அடிச்சாங்க, மிஞ்சினது அதைவிடக் கொஞ்சம். இன்னைக்கு ஏலத்துல ஒண்ணு ஒரு லட்சம் டாலருக்கு மேல போயிருக்கு. போலிகள் அதிகமாகி, நகல் பேட்ஜ்ல தயாரிச்ச வருசத்தைப் போட்டே ஆகணும்னு 1973-ல் அங்க சட்டமே வந்தது. துணை அதிபருக்கு நின்னு தோத்த அந்த ரூஸ்வெல்ட்தான் பின்னாடி நாலு தடவை அதிபரானார்.

தையல்காரர் டின்னுக்கு யாரும் ஏலம் வைக்க வேண்டாம். ஆனா அது துரு பிடிச்சு குப்பை வண்டியில போறதை நாம பார்த்துக்கிட்டு இருக்கப் போறோமா?

இப்போ நம்மளைப் பத்திக் கொஞ்சம் பேசணும். கோவிச்சுக்காதீங்க.

இப்போ நாம அடிக்கிற பேட்ஜைப் பாருங்க. 58 மில்லிமீட்டர் வட்டம். அதுக்குள்ள ஏழு முகம், நாலு பேர், ரெண்டு பதவி, ஒரு செல்போன் நம்பர். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு முகமும் மிளகு சைஸ்தான் வரும். சூரியன் எங்கேன்னு தேடணும். கூட்டம் முடிஞ்சதும் ஜிஎஸ்டி சாலை ஓரத்துல அதெல்லாம் கிடக்கு. ரெண்டு மலை, ஒரு சூரியன், பத்தடி தூரத்துல தெரியணும். அவ்வளவுதானே வேலை? அடிக்கிற செலவு எப்படியும் வேட்பாளர் கணக்குல ஏறுது. சட்டமன்றத் தேர்தல்ல உச்சவரம்பு 40 லட்சம். தொப்பி, துண்டு, பேட்ஜ் கொடுக்கலாம், கணக்குல காட்டணும். சேலை, சட்டை கொடுத்தா லஞ்சக் கணக்குல போயிடும். அப்படி எண்ணி எண்ணிச் செலவு பண்ற காசுல, வைச்சுக்கணும்னு தோணுற மாதிரி ஒண்ணை அடிச்சா என்ன?

பூத்துக்குப் போற தம்பி தங்கைகளுக்குத் தனியா ஒண்ணு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 130-வது பிரிவு. வாக்குப்பதிவு அன்னைக்கு வாக்குச்சாவடியிலயும் அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளயும் சின்னமோ தலைவர் படமோ உள்ள பேட்ஜ் கூடாது. அபராதம் 250 ரூபாய்தான், ஆனா வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். ஏஜென்ட்டா உட்கார்றவங்க, எந்த வேட்பாளரோட ஏஜென்ட்னு பேர் மட்டும் போட்ட அடையாள பேட்ஜ் வைச்சுக்கலாம். எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். நூறு ஃபார்வர்டு மெசேஜைக் கண்டுக்காத சட்டம், ஒரு தகட்டைப் பார்த்து "இது பிரச்சாரம்"னு பயப்படுது பாருங்க.

அந்த பயத்துல நியாயம் இருக்கு. டிபி மாத்த ரெண்டு விநாடி போதும். நானே வாரத்துக்கு ஒரு ஃபிரேம் டிசைன் பண்ணிப் போடுறேன், என் வேலையே அதுதான். ஆனா சூரியனைக் குத்திக்கிட்டு 21ஜி-ல ஏறினா, பக்கத்து சீட்காரர் கேள்வி கேப்பார். "பஸ் ஏன் இவ்வளவு லேட்டு? எங்க தெருவுல தண்ணி ஏன் தேங்குது? முடிச்சூர்ல ஒவ்வொரு மழைக்கும் படகு விடணுமா?" பதில் சொல்லணும். பிளாக் பண்ண முடியாது. ஆன்லைன்ல நாம வீரர்கள், பஸ்ல பெரும்பாலும் ஹெட்ஃபோன். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அந்த ஐயா பேட்ஜோட கடையில உட்கார்ந்தப்ப ரவிக்கை தைக்க வந்தவங்க எல்லாம் அவர்கிட்டதான் ரேஷன் கார்டு பத்திக் கேட்டாங்களாம். "பேட்ஜ் குத்தினவன் பதில் சொல்லணும்ல தம்பி, அதுக்காகவே தாலுகா ஆபீஸ் நடைமுறை எல்லாம் கத்துக்கிட்டேன்"ன்னார்.

உடன்பிறப்புகள் செய்ய வேண்டியது இதுதான். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் இருக்கிற மூத்த தொண்டர்கள் வீட்டுக்குப் போங்க. பேட்ஜ் இருந்தா வெளிச்சத்துல முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுங்க. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வைங்க, அளவு தெரியும். எந்த வருசம், எந்தக் கூட்டம், யார் கொடுத்தது, யார் குத்தியிருந்தாங்கன்னு அவங்க வாயால சொல்றதை ஆடியோவா பதிவு பண்ணுங்க. பேர் வேண்டாம்னு சொன்னா போடாதீங்க. பேட்ஜை வாங்கிட்டு வராதீங்க, அது அவங்களோடது. துருவைச் சுரண்டாதீங்க, தண்ணி போட்டுக் கழுவாதீங்க, உள்ளே இருக்கிற காகிதம் ஊறி அச்சு போயிடும். காய்ஞ்ச துணியில துடைச்சு, ஒண்ணோட ஒண்ணு உரசாம தனித்தனியா காகிதத்துல மடிச்சுக் கொடுத்துட்டு வாங்க.

படங்களை இந்தப் பதிவோட கமெண்ட்ல போடுங்க, இல்லன்னா இன்பாக்ஸ்ல அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் மறுபடியும் அந்த ஐயா வீட்டுக்குப் போறேன், விட்டுப்போன அந்த ஒரு போட்டோவை எடுக்க. மேற்கு தாம்பரம் பசங்க யாராவது நல்ல கேமரா வைச்சிருந்தா கூட வாங்க.

#உதயசூரியன் #தாம்பரம் #பழைய_பேட்ஜ்