ரோசாப்பூவை யார் வேலைக்கு எடுப்பது?



எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கம் பட்டம் முடித்த எங்கள் தங்கச்சிமாரின் லிங்க்ட்இன் பக்கங்களைப் பாருங்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோசாப்பூ, பூனைக்குட்டி. தம்பிமார் பெருக்குமரத்தடியில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றால் நாம் ஒன்றும் சொல்வதில்லை. தங்கச்சி ஹிஜாபோடு படம் போட்டால் மட்டும் நாக்கு நீளுகிறது. உம்ராவுக்குப் போகும் உம்மாவின் கடவுச்சீட்டிலும் முகம்தானே இருக்கிறது?

"ஹிஜாபைக் கண்டால் எடுக்க மாட்டார்கள்" என்பது வெறும் பயமில்லை. ஜெர்மனியில் ஒரே தகுதி, ஒரே பெண்ணின் படம் வைத்து விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவு: ஜெர்மன் பெயருக்கு 18.8 வீதம் அழைப்பு. துருக்கிப் பெயரும் ஹிஜாபும் சேர்ந்தால் 4.2 வீதம். அநியாயம்தான். ஆனால் பூவுக்குப் பின்னால் ஒளிந்தால் அந்த அநியாயம் நேர்முகத் தேர்வு நாள்வரை தள்ளிப்போகும், அவ்வளவுதான். போதாததற்கு, சொந்த முகம் இல்லாத படத்தை அந்தத் தளமே நீக்கலாம்.

ஜன்னல் வெளிச்சம், வெறும் சுவர், தோளுக்கு மேலே தெளிவான முகம். நானாவே எடுத்துக் கொடுக்கட்டும். விருப்பமில்லாதவளை வற்புறுத்த வேண்டாம். விரும்புகிறவளை நாம் தடுக்கவும் வேண்டாம்.