தூரிகைக்கு ஒரு துண்டு நிலம்

"கூலிக்காரன் குடிசைக்கே பட்டா இல்லை, ஓவியனுக்குக் கூடம் ஒரு கேடா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கோபந்தான். கலைக்கூடம் என்றாலே குளிரூட்டிய அறையும், கோட்டுப் போட்ட கனவான்களும், கோடி ரூபாய்ப் படமுந்தான் கண்முன் வருகின்றன. நாம் பேச வந்தது அந்தக் கடையைப் பற்றியல்ல. இலாபம் பங்கு போடாத கூடத்தைப் பற்றி. ஓவியன் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறையைப் பற்றி.

மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, 1959இல் நிறுவியது, அது வானத்திலிருந்தா விழுந்தது? அதை வடித்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி, சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். அவருக்குப்பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த பிள்ளைகள் தூரிகையைப் பரண்மேல் போட்டுவிட்டுப் பிழைப்புக்கு அலைவதைப் பார்த்தார் பணிக்கர். சீமான்கள் வாசலில் அவர்களை நிறுத்தவில்லை. மெழுகை உருக்கித் துணியில் தடவிச் சாயமேற்றும் பாட்டிக் வேலை செய்தார்கள், விற்றார்கள், சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தக் காசில் வாங்கிய நிலத்தில், ஈஞ்சம்பாக்கத்தில், 1966இல் எழுந்தது சோழமண்டலம் ஓவியர் கிராமம். சுமார் 10 ஏக்கர் கடற்கரை மணல். பாதி நாள் வயிற்றுக்குக் கைத்தொழில். மீதி நாள் ஓவியம். நெசவாளிக்குத் தறி எப்படியோ, அப்படி அவர்களுக்கு அந்த மண்.

வீடும் வாசலுமற்ற கே. ராமானுஜம் என்ற ஓவியருக்கு அங்கே இடம் கிடைத்தது. 1973இல் அவர் இளமையிலேயே மாண்டார். உயிரோடிருந்தபோது ஏறெடுத்துப் பாராத சீமான்கள் இன்று அவர் படத்தை ஏலத்தில் இலட்சக்கணக்கில் எடுக்கிறார்கள்! அது கிடக்கட்டும். 2009இல் அந்தக் கிராமத்தார் தங்கள் மண்ணிலேயே ஓர் அருங்காட்சிக் கூடமும் திறந்தார்கள். கேட்க எந்த வீட்டுக்காரனும் இல்லை.

நிலம், நிலம் என்று ஏன் அழுத்துகிறோம்? இலண்டன் மாநகரில் நடந்ததைப் பாருங்கள். செயின்ட் கேதரின் துறைமுகம் 1968இல் மூடப்பட்டது. மூட்டை தூக்கிய தொழிலாளி வெளியே போனான். காலியாய்க் கிடந்த கிடங்கில் பிரிட்ஜெட் ரைலி, பீட்டர் செட்ஜ்லி என்ற ஓவியர்கள் 'ஸ்பேஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, சக ஓவியர்களுக்குப் பட்டறை போட்டுத் தந்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் குத்தகை இடம்! சில ஆண்டுகளில் புதுக் கட்டடத் திட்டம் வந்தது. ஓவியனும் வெளியே போனான். முதலில் தொழிலாளி, அடுத்து ஓவியன்; கழுத்தைப் பிடித்துத் தள்ளிய கை ஒன்றுதான். இன்று அங்கே உல்லாசப் படகுகள் நிற்கின்றன. 'ஸ்பேஸ்' சாகவில்லை, வேறு வேறு கட்டடங்களில் பட்டறை நடத்துகிறது.

இன்று பெரியமேட்டிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படித்து வெளிவருகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. பாட்டிக் துணி விற்றுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர்கள் ஒரு சதுர அடி வாங்க முடியுமா? மாடியில் தகரக் கொட்டகை வாடகைக்குப் பிடித்தால், களிமண்ணைக் கண்டதும் காலி செய் என்கிறான் வீட்டுக்காரன். கிரீம்ஸ் சாலையில் டில்லியின் லலித் கலா அகாதெமி பட்டறைகள் வைத்திருக்கிறது. பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாவி டில்லியில்! நமது ஓவிய நுண்கலைக் குழு கண்காட்சிக்கு நிதி தருகிறது. படத்தை மாட்டப் பணம் உண்டு, வரைய இடம் எங்கே?

குடிசைப் பட்டாவுக்கான போராட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நகர்மன்றங்களில் இருக்கும் தோழர்கள் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டிக் கிடக்கும் மன்றக் கட்டடங்களைக் கணக்கெடுங்கள். சங்கமாகப் பதிவு செய்துகொண்ட ஓவியர்களுக்கு, இரண்டு மூன்று ஆண்டுக்கல்ல, முப்பது ஆண்டுக் குத்தகைக்கு விடத் தீர்மானம் கொண்டு வாருங்கள். நிபந்தனை ஒன்று போடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்க வேண்டும், ஆலைத் தொழிலாளி பெண்டு பிள்ளைகளோடு சட்டைப்பையைத் தடவிப் பார்க்காமல் உள்ளே போக!