மென்படலமும் தாய்மொழியும்

நம் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர், அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் ஆய்வு மேற்கொண்டிருந்தார். திருமண வீடொன்றில் பெரியவர் ஒருவர் அவரை அருகழைத்து, "என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள், தம்பி?" என்று அன்புடன் வினவினார். மாணவர் தடுமாறி, "கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஏதோ ஒன்று" என்று கூறி ஒதுங்கிக்கொண்டார். குறை அவருடையதன்று, அவருக்குத் தமிழ் கற்பித்த எம் போன்றோருடையது.

அவர் ஆராய்ந்தது பல்லடுக்கு மென்படலங்களின் காந்தப் பண்புகளை. இதனைத் தமிழில் சொல்ல இயலாதா? முயன்று பார்ப்போம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒரு சில நானோமீட்டர் தடிப்பில் இரும்பு, அதன்மேல் குரோமியம், மீண்டும் இரும்பு என வெற்றிடக் கலத்தினுள் படியவைக்கின்றனர். இடையிலுள்ள குரோமியத்தின் தடிப்பு தக்க அளவில் அமையின், அடுத்தடுத்த இரும்புப் படலங்களின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. அந்நிலையில் எலெக்ட்ரான்கள் சிதறுண்டு, மின்தடை மிகுகின்றது. வெளியிலிருந்து காந்தப் புலத்தைச் செலுத்தினால் திசைகள் ஒன்றுபடுகின்றன, மின்தடை குறைகின்றது. இதனைப் 'பெருங் காந்தமின்தடை' எனலாம்.

1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவினரும், ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க் குழுவினரும் தனித்தனியே இதனைக் கண்டனர். கடுங்குளிர் நிலையில் மின்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ஃபெர்ட் குழுவினர் அளந்தனர். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பார்கின், செலவு குறைந்த தெறிப்பு முறையிலேயே இத்தகைய படலங்களை ஆக்கலாம் என்று காட்டினார். 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வன்தட்டுகளில் தகவலைப் படிக்கும் முனையாக இது அமர்ந்தது. கண்டறிந்த இருவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் வேறு வகைப் பல்லடுக்குகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் வழி திறந்தது இக்கண்டுபிடிப்பே.

இத்துறை நமக்கு அயலானதும் அன்று. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தத் தன்மை திசைக்குத் திசை மாறுபடுவதை டாக்காப் பல்கலைக்கழகத்தில் நுட்பமாக அளந்து காட்டினார். திசைக்கேற்ப மாறும் அப்பண்பே மென்படல ஆய்விலும் முதன்மையான வினாவாக உள்ளது.

"ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தானே வெளிவருகின்றன, தமிழ் எதற்கு?" என்பார் உளர். கட்டுரை ஆங்கிலத்திலேயே வெளிவரட்டும்; அதற்குத் தடையில்லை. ஆயினும் ஆய்வுக்கூடங்கள் மக்களின் வரிப்பணத்தில் இயங்குகின்றன. கல்வி உதவித்தொகை வழங்கும் பெரியவர்களும், தாம் வழங்குவது எதற்கு என்று அறிய உரிமையுடையவர்கள். மேலும், தாய்மொழியில் விளக்க முயலும்போதுதான் தாம் எதனைத் தெளிவாக அறிந்துள்ளோம், எதனை மனப்பாடமாகச் சொல்கிறோம் என்பது ஆய்வாளருக்கே புலப்படும். குரோமியம், எலெக்ட்ரான் போன்ற சொற்கள் அப்படியே இருப்பினும் இழுக்கில்லை. சொல்லாக்கத்திற்காகச் சண்டையிட்டுப் பொருளை மறப்பதே இழுக்கு.

தமிழால் இயலாது என்ற பேச்சுக்கு விடை முன்னரே உண்டு. 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் கிண்டியும் அடையாறும் வந்துவிடுகின்றன. அங்குள்ள ஆய்வு மாணவர் ஒருவரைப் பருவத்திற்கு ஒருமுறை அழைத்து, ஒரு மணி நேரம் தமிழில் பேசச் செய்வோம். நம் தமிழ் மாணவர்கள் அவ்வுரையைக் கேட்டு, வினவித் தெளிந்து, இம்மலரில் கட்டுரையாக்கட்டும். செலவு மிகுதியன்று, தேவைப்படுவது மனம் ஒன்றே.

அடுத்த திருமண வீட்டில் அம்மாணவர், "இரும்பையும் குரோமியத்தையும் மிக மெல்லிய படலங்களாக அடுக்கி, அவற்றின் காந்தத் திசை மாறும்போது மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்று பார்க்கிறேன்" என்று சொல்லட்டும். பெரியவர் அடுத்த வினாவைத் தாமே தொடுப்பார். அந்த உரையாடலை உண்டாக்குவது தமிழ்த்துறையின் கடமை.