புள்ளி தொலைத்த முகவரிகள்

இணையத்தில் ஒரு கதையைத் தேடிச் சென்று, ‘404 – பக்கம் இல்லை’ என்ற அறிவிப்போடு திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. கதை தரவுத்தளத்தில் பத்திரமாகவே இருக்கும். அதனிடம் இட்டுச்செல்லும் வழிதான் அறுந்திருக்கும். பைதான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ சட்டகத்தைக் கொண்டு அமைக்கும் தமிழ்த் தளங்களில் இவ்வாறு வழி அறுவதற்கு, எழுத்திலக்கணம் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது.

ஜாங்கோ பிறந்தது ஒரு நாளிதழில். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரச் செய்தித்தாளின் இணையப் பிரிவில் உருவாகி, 2005 ஜூலையில் பொதுவில் வெளியானது. தலைப்பிலிருந்து உண்டாக்கும் சுருக்க முகவரியை அது ‘ஸ்லக்’ என்கிறது. அதுவும் பத்திரிகை அலுவலகச் சொல்லே. வாசகர் கேட்கும் முகவரியைத் தன்னிடமுள்ள வழிப்பட்டியலோடு மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் வழியில் ஜாங்கோ அனுப்பிவிடும்.

அப்பட்டியலில் ‘ஸ்லக்’ எனக் குறித்த இடம் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழ்த் தலைப்பு வந்தால் பொருந்தாது. 2015 டிசம்பரில் வெளிவந்த 1.9ஆம் பதிப்பு, ஸ்லக்கில் ஒருங்குறி எழுத்துகளையும் அனுமதிக்கும் வசதியைத் தந்தது. ஆனால் அங்கும் நமக்கு இடமில்லை. புள்ளியும், துணைக்கால், கொம்பு முதலியனவும் ஒருங்குறியில் எழுத்துகளாக அல்ல, குறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் அவற்றைச் சொல்லின் உறுப்பாகக் கருதுவதில்லை. ஜாங்கோ அவற்றை நீக்கிவிடுகிறது. ‘பாரதி’ ‘பரத’ ஆகிறார். ‘மௌனி’ ‘மன’ ஆகிறார். கல், கலை, காலி, கூலி நான்கும் ‘கல’ என்ற ஒரே முகவரியில் வந்து முட்டுகின்றன. நான்கு படைப்புகளுக்கு ஒரு வாசல் என்றால், மூன்று படைப்புகள் வாசகருக்கு இல்லை என்றே பொருள்.

“தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுங்கள்” என்பது நிரலாளர்கள் வழக்கமாகத் தரும் யோசனை. இதை நாம் ஏற்பதற்கில்லை. கலை, களை, கழை மூன்றையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். குழப்பம் தீராது, இடம் மாறும், அவ்வளவே.

பழுது பார்ப்பது கடினமன்று. சொந்தக் கணினியில் ‘டீபக்’ நிலையில் இயக்கினால், எந்தெந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்த்துத் தோற்றது என்பதை 404 பக்கமே வரிசையாகக் காட்டும். தவறு ஸ்லக்கில் என்று தெரிந்தால், தமிழுக்குரிய 128 ஒருங்குறி இடங்களையும் ஏற்கும் மாற்றி ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம். தலைப்பைச் சுருக்கும் நிரலையும் அவ்வாறே திருத்த வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கென்று ‘ஸ்ட்ர்’ என்ற பொது வகையை இட்டால், சாய்கோடு தவிர எதையும் அது விழுங்கிவிடும். ‘புதியவை’ போன்ற நிலையான பக்கங்களுக்கான வழிகளைப் பட்டியலில் அதற்கு மேலே வைக்காவிட்டால் அவையும் காணாமற்போகும்.

தமிழ் முகவரிக்கும் ஒரு குறை உண்டு. அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது உருக்களாக நீளக்கூடும். ‘அம்மா’ என்ற சொல்லே நாற்பத்தைந்து உருக்களாகிவிடும். ஆகவே நம் பரிந்துரை இதுதான்: படைப்பின் எண்ணையும் தலைப்பையும் சேர்த்தே முகவரியாக்குவோம். எண் படைப்பைக் கண்டெடுக்கட்டும். தலைப்பு கண்ணுக்குத் தமிழாக நிற்கட்டும். வழியில் தலைப்பு சிதைந்தாலும் படைப்பு கிடைத்துவிடும்.

நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதினார். மெய்யின் இயல்பே புள்ளி பெறுவதுதான் என்று தொல்காப்பியம் அதற்கு வெகுகாலம் முன்பே வகுத்துவிட்டது. தமிழ்த் தளம் அமைப்பவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை என்றே கருதுகிறோம்.